தேடிய பொம்மைக்காகக் கையில் இருக்கும் பொம்மையை விற்கலாமா?

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: "என்னிடம் ஐந்தாறு பால்-ஜாயின்டட் (உருண்டை மூட்டு வைத்த) பொம்மைகள் இருக்கின்றன. பல வருடங்களாகத் தேடிக்கொண்டிருந்த ஒரு லிமிடெட் (குறைந்த எண்ணிக்கையில் மட்டும் வெளியிட்ட) சூப்பர் டால்ஃபி பொம்மை இப்போது ஜப்பானில் செகண்ட் ஹேண்டில் வந்திருக்கிறது. முதலில் விற்ற விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கேட்கிறார்கள். இருப்பதில் மூன்றை விற்றால் வாங்கிவிடலாம். அந்த மூன்றில் ஒன்று நான் முதன்முதலில் வாங்கிய சீனப் பொம்மை. அதை வார்த்த ரெசின் பிளாஸ்டிக் மஞ்சளேறிவிட்டது, பெரிதாக விலை போகாது. ஆனால் அதை அனுப்பிவைக்க மனசு வரவில்லை. விலையைப் பார்ப்பதா, பாசத்தைப் பார்ப்பதா?"

முதல் பொம்மையை விற்காதீர்கள். மற்ற இரண்டும் வேறு கதை, அதற்குப் பிறகு வருகிறேன்.

லிமிடெட்டைப் பொறுத்தவரை நான் பார்ப்பது இது ஒன்றைத்தான். இன்னும் கைக்கு வராத பொம்மைமேல் நமக்கு இருப்பது ஆசை. ஒட்டுதல் என்பது பொம்மை வீட்டுக்கு வந்து, கை பட்டு, சில மாதங்கள் கழிந்த பிறகு வருவது. சில பொம்மைகள் விஷயத்தில் அது வராமலே போய்விடும். எது ஒட்டும், எது ஒட்டாது என்று காசு கொடுக்கும் நாளில் யாராலும் சொல்ல முடியாது. ஆகவே ஆசைக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று கேட்காமல், மனசு ஒட்டாமல் ஆறு மாதத்தில் திருப்பி விற்க வேண்டி வந்தால் எவ்வளவு கையைக் கடிக்கும் என்று கேளுங்கள். அந்த இழப்பு உங்களுக்குத் தாங்கும் என்றால் வாங்கலாம். தாங்காது என்றால் பொம்மை எவ்வளவு அழகாக இருந்தாலும் அது உங்கள் விலை இல்லை.

இந்தக் கணக்கைப் போட, விலை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். இன்று நாம் சேகரிக்கும் ரெசின் பொம்மைகளின் கதை, ஜப்பானின் கியோட்டோவைச் சேர்ந்த வோக்ஸ் நிறுவனம் 1999-ல் சூப்பர் டால்ஃபியை வெளியிட்டதில் தொடங்குகிறது. சுமார் 60 செ.மீ. உயரம், பாலியூரித்தேன் ரெசின், உள்ளே ஓடும் எலாஸ்டிக் கயிற்றின் இழுவையில் நிற்கும் உருண்டை மூட்டுகள், கழற்றி மாற்றக்கூடிய கண், விக். சில ஆண்டுகளிலேயே கொரியாவில் லட்ஸ், சூம், ஐபிள்ஹவுஸ், ஃபேரிலேண்ட் போன்ற நிறுவனங்கள் கிளம்பின. பிறகு சீன நிறுவனங்கள் குறைந்த விலையில் வந்தன. இன்று 60 செ.மீ. அளவுள்ள கொரியப் பொம்மை ஒன்று ஏறக்குறைய 500 டாலரிலிருந்து 1,000 டாலர் வரை போகிறது. 40 செ.மீ. சொச்சம் உள்ள நடுத்தர அளவு 300 முதல் 500. சீனத் தயாரிப்பு என்றால் அதில் பாதிக்கும் கிடைக்கும்.

இதில் ஒரு பகுதி நிஜமான வேலைக்கான கூலி. சிற்பி செய்த மூலத்திலிருந்து சிலிக்கோன் அச்சு எடுக்கிறார்கள். அந்த அச்சு சில பத்து வார்ப்புகளிலேயே தேயத் தொடங்கும், மறுபடி அச்சு எடுக்க வேண்டும். காற்றுக் குமிழி இல்லாமல் ரெசினை வார்த்து, ஒட்டு வரிகளைத் தேய்த்து, எலாஸ்டிக் கோத்து, பிறகு ஒருவர் உட்கார்ந்து பேஸ்டல் பொடியும் மெல்லிய தூரிகையும் வைத்துப் புருவத்தை ஒவ்வொரு முடியாக வரைய வேண்டும். ஆர்டர் கொடுத்துவிட்டு இரண்டு மூன்று மாதம் காத்திருப்பது இதனால்தான். இந்தக் கூலியை நான் ஒருபோதும் வீண் என்று சொல்ல மாட்டேன். கனடாவின் வான்கூவரில் மரீனா பிச்கோவா செய்யும் என்சான்டட் டால் பீங்கான் பொம்மைகள் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகின்றன. அங்கே நீங்கள் வாங்குவது ஒரு கலைஞரின் கைவேலையை. அந்தக் கணக்கே தனி.

நீங்கள் பார்த்திருக்கும் இரண்டு மடங்கு விலையில் கூடுதலாக இருக்கும் பாதி கூலி இல்லை. எத்தனை பேர் அதைத் துரத்துகிறார்கள் என்பதன் விலை அது. வோக்ஸ் தன் லிமிடெட் பொம்மைகளில் பலவற்றை டால்ஸ் பார்ட்டி நிகழ்ச்சிகளிலும் இணையத்திலும் குலுக்கல் முறையில் விற்கிறது. பெயர் விழுந்தவருக்கு அறிவித்த விலை. விழாதவர்கள் எல்லோரும் ஜப்பானின் யாஹூ இணைய ஏலத்துக்கும் மண்டராகே போன்ற செகண்ட் ஹேண்ட் கடைகளுக்கும் போகிறார்கள், அங்கே விலை ஏறுகிறது. பொம்மையில் எதுவும் மாறவில்லை. அதே தலை, அதே ரெசின்.

இன்னொரு உதாரணம் சொன்னால் விளங்கும். 2022 தொடக்கத்தில் ஒரு டாலருக்குச் சுமார் 115 யென் இருந்தது. 2024 நடுவில் அது 160 யென்னைத் தாண்டியது. ஏலத்தில் அதே யென் விலைக்குப் போன பொம்மை, டாலர் வைத்திருந்தவருக்கு நாலில் ஒரு பங்குக்கு மேல் மலிவாகிவிட்டது. யாரும் அந்தப் பொம்மையை முன்பைவிடக் குறைவாக நேசித்ததால் அல்ல. இதனால்தான், விலை கூடியிருப்பது பொம்மையின் தரத்துக்குச் சான்று என்று நினைப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை.

அந்தக் கூடுதல் பாதிக்கு உத்தரவாதமும் கிடையாது. நிறுவனம் அதே முகத்தை மறுவெளியீடு செய்தால் ஒரே வாரத்தில் கரைந்துபோகும். ரசனை மாறினாலும் கரையும். பல நிறுவனங்களில் லிமிடெட் என்று வருவது பழைய முகமேதான். ஃபேஸ்-அப்பும் (முகத்தில் பூசி வரையும் வண்ணம்) விக்கும் உடையும் காதின் வடிவமும் மட்டும் மாறியிருக்கும். எனவே நீங்கள் விரும்பும் அந்த மோல்ட், அதாவது அந்த முக வார்ப்பு, வேறு பெயரில், வேறு வெளியீட்டில் வந்திருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். வந்திருந்தால் உங்கள் பிரச்சினையே பாதி தீர்ந்தது.

சரி, ஆசை பக்கம் வருவோம். பல வருடம் தேடினேன் என்கிறீர்கள். அந்தப் பல வருடமும் நீங்கள் பார்த்தது புகைப்படங்களை. கொஞ்சம் கடினமாக இருந்தாலும் இதை யோசித்துப் பாருங்கள்: நீங்கள் நேசிப்பது அந்த மோல்டையா, அல்லது யாரோ ஒரு திறமைசாலி ஒரு ஜன்னல் ஓரத்தில் வைத்து எடுத்த அந்த ஒரு படத்தையா? பொம்மையின் முகத்தில் கண்ணின் அளவு இரண்டு மில்லிமீட்டர் மாறினாலே ஆள் மாறிவிடும். ஃபேஸ்-அப் மாறினால் சொல்லவே வேண்டாம். நிறுவனத்தின் விளம்பரப் படத்தையும், பிரபலமான ஒரு சொந்தக்காரரின் படங்களையும் மூடி வைத்துவிட்டு, வேறு வேறு ஆட்கள் சுமாரான வெளிச்சத்தில் எடுத்த படங்களைத் தேடுங்கள். பக்கவாட்டு முகம், கீழிருந்து எடுத்தது, விக் இல்லாதது. எல்லாவற்றையும்விட முக்கியம், வண்ணம் எதுவும் பூசாத வெறும் தலையின் படம். அந்த வெறும் தலை உங்களைப் பிடித்து நிறுத்தினால் மோல்ட் பிடித்திருக்கிறது. வெறுமையாகத் தெரிந்தால், உங்களுக்குப் பிடித்தது ஃபேஸ்-அப். அதை வேறொரு தலையில், ஒரு நல்ல ஃபேஸ்-அப் கலைஞரிடம் சொல்லிப் போட்டுக்கொள்ள எவ்வளவோ குறைவாக ஆகும்.

அப்புறம் காத்திருப்பு. கிடைக்காத பொம்மையை நாம் மனசுக்குள் வளர்த்துக்கொண்டே போகிறோம். அதற்கு ஒரு பெயர், ஒரு சுபாவம், ஒரு கதை எல்லாம் கொடுத்துவிடுகிறோம். வருகிற பொம்மை அந்தக் கதையோடு போட்டி போட வேண்டியிருக்கிறது. நீண்ட காலம் தேடிய பொம்மையைப் பிரித்த அன்று ஒருவித வெறுமை வந்ததாகச் சேகரிப்பவர்கள் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது அபூர்வமில்லை. பயப்பட வேண்டியதும் இல்லை. பல சமயம் விக்கை மாற்றி, கண்ணை மாற்றி, சில வாரம் போனதும் சரியாகிவிடும். ஆனால் இரண்டு மடங்கு விலை கொடுத்த பொம்மைக்கு அந்தச் சில வாரம் கொடுக்க மனசு அமைதியாக இருப்பதில்லை. கொடுத்த காசு நெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, இதை நான் நேசித்தே ஆக வேண்டும் என்று நிர்ப்பந்திக்கிறது. நிர்ப்பந்தத்தில் ஒட்டுதல் வருவதை நான் பார்த்ததில்லை.

ஒட்டுதல் எதில் வருகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் கையில். இது விலையைப் பற்றிப் பேசும்போது யாரும் சொல்லாத விஷயம். 70 செ.மீ. பொம்மை இரண்டு கிலோவைத் தாண்டும். ஒரு கையால் தூக்கி உடை மாற்ற முடியாது, அலமாரியில் இடம் வேண்டும், விழுந்தால் விரல் உடையும். அழகுக்காக வாங்கிவிட்டு, பெட்டியிலிருந்து எடுக்கச் சோம்பல் பட்டே பலர் அதை விற்கிறார்கள். 40 செ.மீ. பொம்மையோ மேஜையில் உட்காரும், பையில் வரும், உடை தைக்கத் துணி கொஞ்சம் போதும். நிற்கும்போது முழங்கால் மடங்கி உதைக்காமல் இருக்கிறதா, கை முகத்தைத் தொடுகிறதா, உட்கார்ந்தால் உட்கார்ந்தபடி இருக்கிறதா? இந்த மூன்றும் சரியாக இருக்கும் பொம்மையைத்தான் நாம் அடிக்கடி எடுப்போம். அடிக்கடி எடுப்பதோடுதான் ஒட்டிக்கொள்வோம். என்னிடம் இருப்பவற்றில் அதிகம் என் கை பட்டது விலை குறைந்த ஒன்றுதான். அது நன்றாக நிற்கிறது, அவ்வளவுதான் காரணம். பழைய சூப்பர் டால்ஃபி உடல்களின் அசைவு, இன்றைய இரட்டை மூட்டு உடல்களை ஒப்பிட்டால் குறைவு. நீங்கள் பொம்மையை விதவிதமாக உட்காரவைத்துப் படம் எடுப்பவர் என்றால் இதைக் கட்டாயம் கணக்கில் எடுங்கள்.

உங்கள் முதல் பொம்மையை விற்க வேண்டாம் என்று சொன்னது இதனால்தான். எலாஸ்டிக் மாற்றக் கற்றுக்கொண்டது அதில். கயிற்றைத் தலையில் மாட்டும் எஸ்-கொக்கி கைதவறித் தலைக்குள் ஓடியது, மூட்டு வழுக்காமலிருக்க உள்ளே தோல் துண்டு ஒட்டியது, முதல் கோணல் புருவம் வரைந்து அழித்தது, இதெல்லாம் யாருக்கும் முதல் பொம்மையில்தான் நடக்கும். மஞ்சளேறுவது ரெசினின் இயல்பு. புற ஊதாக் கதிர் அதை வேகப்படுத்துகிறது, இருட்டில் வைத்தாலும் மெல்ல ஏறத்தான் செய்யும். சந்தை அதற்கு விலையைக் குறைக்கும். அது சந்தையின் நியாயம். நீங்கள் விற்றால் கிடைப்பது சொற்பம், இழப்பது திரும்ப வாங்க முடியாதது. இப்படிப்பட்ட வியாபாரத்தில் யோசிக்கவே இடமில்லை. நாளைக்கு அதே மோல்ட் புதிதாகக் கிடைத்தாலும் அது அந்தப் பொம்மை ஆகாது.

மற்ற இரண்டையும் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. இவ்வளவு நீளமான கேள்வியில் அவற்றின் பெயர்கூட வரவில்லை. எனக்கு அதுவே போதுமான பதிலாகத் தெரிகிறது. தாராளமாக விற்கலாம். வேறொருவர் அவற்றைத் தேடிக்கொண்டிருக்கக்கூடும்.

விற்கும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பதை 1990-ல் டேனியல் கானமன், ஜாக் நெட்ஷ், ரிச்சர்ட் தேலர் மூவரும் எண்ணாகவே காட்டினார்கள். கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களில் பாதிப் பேருக்கு ஒரு காபி கோப்பையைக் கொடுத்தார்கள்; கடையில் அதன் விலை 6 டாலர். கோப்பை கிடைத்தவர்களில் நடுவில் நிற்பவர் 5.25 டாலருக்குக் கீழே விற்க மாட்டேன் என்றார். கிடைக்காதவர்கள் தரத் தயாராக இருந்ததோ 2.25 முதல் 2.75 டாலர்தான். கையில் சில நிமிடங்கள் மட்டுமே இருந்த கோப்பைக்கே இந்த இடைவெளி. வருடக்கணக்கில் வைத்து, உடை தைத்து, படம் எடுத்த பொம்மைக்கு எவ்வளவு இருக்கும்! நீங்கள் செலவழித்த ஃபேஸ்-அப், விக், உடை எல்லாவற்றையும் கூட்டி விலை சொல்வீர்கள். வாங்குபவர் அதில் பாதியைத் தூக்கிப்போட்டுவிட்டுத் தன் இஷ்டப்படி வைக்கப்போகிறவர். வெறும் தலையைத்தான் விரும்புவோரும் உண்டு. நீங்களே தேய்த்து உதட்டை மாற்றிய தலை என்றால் விலை இன்னும் இறங்கும். அதனால் லிமிடெட்டுக்கு இவ்வளவு சேரும் என்று மனக்கணக்கு போடும்போது, நீங்கள் நினைக்கும் தொகையில் பாதியை வைத்துக் கணக்கு போடுங்கள். இரண்டும் விற்று, காசு கைக்கு வந்த பிறகு வாங்குவதைப் பற்றி யோசியுங்கள். முதலில் வாங்கிவிட்டுப் பிறகு அவசரத்தில் விற்றால் அடிமாட்டு விலைதான் கிடைக்கும்.

அதேபோல, அந்த ஜப்பான் விற்பனையாளர் கேட்கும் விலையை அப்படியே நம்பாதீர்கள். கேட்கும் விலை வேறு, உண்மையில் போன விலை வேறு. முடிந்த ஏலங்களில் அதே பொம்மை எவ்வளவுக்குப் போயிருக்கிறது என்று பாருங்கள். பெட்டி, சான்றிதழ், மூல உடை எல்லாம் இருந்ததா, ஃபேஸ்-அப் நிறுவனம் போட்டதுதானா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். யானை விலை குதிரை விலை சொல்லி மாதக்கணக்கில் விற்காமல் கிடக்கும் பொம்மைகள் ஏராளம்.

இந்தியாவில் இருக்கிறீர்கள் என்றால் இன்னொன்று. பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்கவரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் உயர்ந்தது. தனிநபர் பார்சலைச் சுங்கத்தில் எந்த வகையில் சேர்க்கிறார்கள் என்பதைப் பொறுத்து கட்ட வேண்டியது மாறும். எப்படியானாலும் வரி, ஜப்பானில் நமக்காக வாங்கி அனுப்பும் ஏஜென்ட்டின் கமிஷன், தபால் செலவு மூன்றும் பொம்மையை மறுபடி விற்கும்போது திரும்பி வராத காசு. முன்னே சொன்ன இழப்புக் கணக்கில் இவை முழுசாகச் சேர வேண்டும். இதை விட்டுவிட்டால் கணக்கே தப்பு.

விலை கட்டாது என்று தெரிந்த பிறகு சிலர் ரீகாஸ்ட் பக்கம் போவார்கள், அதாவது மூலப் பொம்மையிலிருந்து அச்சு எடுத்து வேறு ஆள் வார்க்கும் நகல். நான் வாங்க மாட்டேன், வாங்கச் சொல்லவும் மாட்டேன். அந்த முகத்தைச் செய்த சிற்பிக்கு அதில் ஒரு காசும் போவதில்லை. சிறு பட்டறைகள் வருமானமின்றி மூடினால் நமக்கு நாளைக்குப் புது முகமே கிடையாது. நகலை மூலம் என்று சொல்லி விற்பவர்களும் இருப்பதால், செகண்ட் ஹேண்டில் லிமிடெட் வாங்கும்போது சான்றிதழையும் தலையின் உட்புற அடையாளங்களையும் படமாகக் கேட்டு வாங்குங்கள்.

காசு குறைவாக வைத்து இந்த ஆசையைச் சோதித்துப் பார்க்க நேர்மையான வழி ஒன்று உண்டு: தலையை மட்டும் வாங்குவது. ஒருவர் உடலுக்காகவும் இன்னொருவர் தலைக்காகவும் சேர்ந்து ஒரு பொம்மையை வாங்கிப் பிரித்துக்கொள்வது சேகரிப்பவர்களிடையே சகஜம். அதனால் லிமிடெட் பொம்மைகளின் தலைகள் தனியாகவும் சந்தைக்கு வரும், முழுப் பொம்மையைவிடக் கணிசமாக மலிவாக. தலையை வாங்கி, உங்களிடம் இருக்கும் ஒரு 60 செ.மீ. உடலில் பொருத்தி, கண்ணும் விக்கும் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். நிறம் பொருந்தாது, பழைய ரெசினும் புதிய ரெசினும் ஒரே பெயருள்ள நிறமாக இருந்தாலும் பொருந்தாது. பரவாயில்லை, கழுத்துவரை உடை போட்டுவிட்டால் தெரியாது. மூன்று மாதம் கழித்தும் கை தானாக அந்தத் தலையைத் தேடிப் போனால், அதன் பிறகு உடலுக்குச் செலவு செய்ய யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. போகவில்லை என்றால் தலையை விற்பது முழுப் பொம்மையை விற்பதைவிட எளிது, தபால் செலவும் குறைவு.

உங்கள் விஷயத்தில் நான் செய்வது: இரண்டு பொம்மைகளையும் அவசரமில்லாமல் விற்பேன். அந்த மோல்டின் தலை தனியாக வருகிறதா என்று ஆறு மாதம் பார்ப்பேன். அதற்குள் இந்த முழுப் பொம்மை விற்றுப்போகலாம். போகட்டும், பழைய லிமிடெட்டுகள் மறுபடி மறுபடி சந்தைக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன. சொந்தக்காரர்களின் வாழ்க்கை மாறும்போது பொம்மைகளும் கைமாறுகின்றன. ஒருவேளை வெறும் தலைப் படத்தைப் பார்த்தும், பழைய உடலின் அசைவு தெரிந்தும், வரி உட்பட இழப்புக் கணக்கு போட்டும், இந்தப் பொம்மையேதான் வேண்டும் என்று மனசு சொல்கிறது, காசும் இருக்கிறது என்றால் தயங்காமல் வாங்குங்கள். விற்பனையாளரிடம் மூன்று படங்கள் மட்டும் கேளுங்கள்: வெயில் வெளிச்சத்தில் முகமும் உடலும் சேர்ந்து தெரியும் படம், தலையின் மூடியைக் கழற்றி உட்புறம், விரல் நுனிகள். முகத்துக்கும் உட்புறத்துக்கும் நிற வித்தியாசம் எவ்வளவு என்பதிலிருந்து எத்தனை மஞ்சளேறியிருக்கிறது என்று தெரிந்துவிடும், அதை வைத்து விலையையும் கொஞ்சம் குறைத்துக் கேட்கலாம்.